மளிகைக்கடை வெலை, சம்பளம், ஸ்டூலு: எங்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விங்க

நீ யாருப்பா, உனக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?

நியாயமான கேள்வி. வேலூர்ல காட்பாடி பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்ட பாத்துக்கறேன். ஓனர் இல்ல, ஓனருக்கு அடுத்த ஆளு. சரக்கு வாங்கறது, வெலை போடறது, முப்பது பேருக்கு சம்பளம் போடறது எல்லாம் என் தலைல. ஆரம்பிச்சது பதினேழு வயசுல மண்டித் தெருவுல, சிப்பம் பிரிச்சு துவரம்பருப்ப ஒரு கிலோ அரைக் கிலோன்னு நிறுத்து கட்டற வேலை, சாயங்காலம் மூக்குல கைய வெச்சா மஞ்ச மஞ்சயா வரும். அதனால ரெண்டு பக்கமும் நின்னு பாத்தவன்னு சொல்லலாம். கடை பேரு கேக்காதீங்க, விளம்பரத்துக்கு எழுதல.

பெரிய கடைல, ஆப்புல எல்லாம் கம்மியா இருக்கே, உங்க கடைல மட்டும் ஏன் ஜாஸ்தி?

எல்லாத்துலயும் ஜாஸ்தி இல்ல, ஆனா சிலதுல ஜாஸ்திதான், ஒத்துக்கறேன். டிமார்ட்ட எடுத்துக்குங்க, ராதாகிஷன் தமானி 2002ல மும்பை பவாய்ல மொத கடைய தொறந்தாரு, பெரும்பாலும் எடத்த சொந்தமா வாங்கிதான் கடை கட்றாங்க அதனால வாடகை தலைவலி இல்ல, சரக்கு குடுக்கறவனுக்கு பணத்த சீக்கிரமா குடுத்துடுவாங்க, அவனும் அதுக்கேத்த மாதிரி வெலைய கொறைச்சு குடுப்பான். நாங்க இன்னா பண்றோம், கம்பெனி சரக்குக்கு ஆர்டர் எடுக்க லைன் சேல்ஸ்மேன் வந்தா "அண்ணா அடுத்த வாரம் வாங்கண்ணா"ன்றோம். அப்ப அவன் எதுக்கு நமக்கு ஸ்கீம், அதாவது தள்ளுபடி, தருவான். நான் பர்சேஸ்ல ஒக்காந்தப்புறம் மொதல்ல மாத்தினது இதத்தான், பில்லு வந்த ஏழாம் நாள் காசு. அதுலயே சோப்பு பவுடர் பக்கம் ஒரு சதவீதம் ஒன்றரை சதவீதம் கைல நின்னுச்சு.

கம்மி வெலைன்ற ஒன்ன மட்டும் நம்பி ஓடினா இன்னா ஆகும்னு தெரிஞ்சுக்கணும்னா சுபிக்ஷான்ற மளிகைக்கடை கம்பெனிய ஞாபகம் வெச்சுக்குங்க. 1997ல சென்னைல ஆரம்பிச்சு நாடு பூரா 1,600 கடை வரைக்கும் போனாங்க, 2009 ஆரம்பத்துல ஷட்டர் எறங்கிடுச்சு. கடன்ல வளந்துகினே போனாங்க, கைல பணம் ஓடறது நின்ன ஒடனே ஆளுங்களுக்கு சம்பளமும் நின்னுச்சு. வெலை கம்மியா போட்டது தப்பே இல்ல, அந்த வெலைக்கு அடில ஒன்னுமே இல்லாம இருந்ததுதான் பிரச்சனை.

வெலைய எப்படித்தான் போடறீங்க? உண்மைய சொல்லுங்க.

தக்காளிய வெச்சே சொல்றேன், எல்லாரும் திட்றது அதுக்குத்தான். நமக்கு தக்காளி பெரும்பாலும் ஆந்திரா பக்கத்துலேந்து வருது, மதனப்பள்ளி, பலமநேர், வி.கோட்டா, அப்பால கர்நாடகால கோலார். 25 கிலோ ஒரு பெட்டி, கிலோ 30னு வாங்கறோம்னு வெச்சுக்குங்க, 750 ரூபா. வண்டி வாடகை எறக்குகூலி ஒரு 50 சேத்தா 800. கடைக்கு வந்து பெட்டிய கவுத்தா அடில நசுங்கினது ஒரு மூணு கிலோ போவும். மீதி ரேக்குல ரெண்டு நாள் கெடந்தா தண்ணி வத்தி எடை கொறையும், அப்பறம் வரவங்க எல்லாம் ஒவ்வொன்னா அமுக்கி அமுக்கி பாத்து வெச்சுட்டு போவாங்க (நீங்களும்தான் அக்கா), அதுல ஒரு கிலோ. ஆக விக்கறது 21 கிலோ. 800ஐ 21ஆல வகுத்தா 38 ரூபா சொச்சம். போர்டுல 40னு எழுதினா "மண்டில 30 தானே, பத்து ரூபா கொள்ளை"ன்றீங்க. கிலோவுக்கு ரெண்டு ரூபா கூட நிக்கல, அதுலதான் கரண்ட்டு, ஏசி, சம்பளம் எல்லாம்.

2023 ஜூலைல தக்காளி 100ஐ தாண்டி எகிறினப்ப கவர்மெண்ட்டே ரேஷன் கடைல கிலோ 60க்கு வித்துது, மொதல்ல சென்னைல. அப்ப எங்ககிட்டயும் "அவங்களால முடியுது உங்களால ஏன் முடியல"ன்னு கேட்டாங்க. அவங்க நஷ்டத்த கவர்மெண்ட் தாங்குது, எங்க நஷ்டத்த யாரு தாங்கறது. ஆனா ஒன்னு செஞ்சோம், அந்த மூணு வாரமும் தக்காளில லாபமே வெக்கல, வந்த வெலைக்கே போட்டோம், ஆளுக்கு அரைக் கிலோன்னு கட்டுப்பாடும் வெச்சோம், இல்லன்னா ஓட்டல்காரங்க வந்து மொத்தமா அள்ளிகினு போயிடுவாங்க. தர்மம்லாம் இல்ல, தக்காளிக்கு வந்தவங்க பருப்பும் எண்ணெயும் வாங்கிதானே போவாங்க.

எண்ணெய் வெலை ஏறினா அன்னிக்கே ஏத்தறீங்க, எறங்கினா மட்டும் ஏன் ஒரு மாசம் ஆவுது?

இதுக்கு எங்க ஆளுங்க ஒரு பதில் வெச்சிருக்காங்க, ஏறும்போது "நாளைக்கு புது வெலைலதானே நாங்க வாங்கணும்"னு சொல்லுவாங்க, எறங்கும்போது "பழைய ஸ்டாக் தீரட்டும்"னு சொல்லுவாங்க. ரெண்டும் ஒரே வாயிலேந்து வந்தா அது கணக்கு இல்ல, சாமர்த்தியம். நானும் பல வருஷம் அப்படித்தான் பண்ணேன்.

எண்ணெய் வெலை நம்ம கைல இல்லன்றது உண்மை. நம்ம நாட்டு சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேல வெளிநாட்டுலேந்து வருது. 2022 ஏப்ரல் கடைசில இந்தோனேஷியா பாமாயில் ஏற்றுமதிய நிறுத்தினாங்க, நம்ம ஊரு பஜ்ஜிக் கடைல பஜ்ஜி சின்னதாச்சு. 2024 செப்டம்பர் 14ம் தேதி மத்திய அரசு கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கெல்லாம் அடிப்படை இறக்குமதி வரிய பூஜ்யத்துலேந்து 20 சதவீதம் ஆக்கினாங்க, தீபாவளி பலகாரத்துக்கு ஒன்றரை மாசம் இருக்கும்போது. திரும்ப 2025 மே 30ல 10 சதவீதமா கொறைச்சாங்க. வரி ஏறின நியூஸ் டிவில வந்த அன்னிக்கு சாயங்காலமே ஹோல்சேல்ல வெலை மாறிடுச்சு, கொறைஞ்சப்ப கொறைய வாரக்கணக்கு ஆச்சு, அங்கயே அப்படின்னா எங்ககிட்ட எப்படி இருக்கும்.

இப்ப எங்க கடைல ஒரு ரூல், ஏறினாலும் கைல இருக்கற ஸ்டாக் தீர்ற வரைக்கும் பழைய வெலை, எறங்கினாலும் தீர்ற வரைக்கும் பழைய வெலை. ஓனர் மொதல்ல ஒத்துக்கல. ஸ்டாக்க ஒரு மாசத்துக்கு பதிலா பத்து நாளைக்கு மட்டும் வெச்சா ரெண்டு பக்கமும் அடி கம்மின்னு எழுதி காட்டினேன், அப்பறம் சரின்னாரு.

ஜிஎஸ்டி கொறைஞ்சும் பிஸ்கட் அதே 5 ரூபாதானே?

2025 செப்டம்பர் 22லேந்து சோப்பு, ஷாம்பு, பேஸ்ட்டு, பிஸ்கட்டு எல்லாம் 18லேந்து 5 சதவீதம் ஆச்சு, நெய் வெண்ணெய் 12லேந்து 5. அஞ்சு ரூபா பிஸ்கட்ட கணக்கு போட்டா 4 ரூபா 45 பைசா வருது. அம்பத்தஞ்சு பைசா மீதிய எங்க போய் குடுக்கறது, நாலணா எட்டணாவயே கண்ணுல பாத்து எத்தன வருஷம் ஆச்சு. ரெண்டா வாங்கினா 8.90, அதுக்கு ஒன்பது ரூபா குடுத்தா பத்து காசு மீதி. அந்த வாரம் பில்லிங் கவுண்ட்டர்ல நின்ன பொண்ணுங்களுக்கு கோயில் கட்டணும், ஒவ்வொருத்தருக்கும் வரிக் கணக்கு சொல்லி சொல்லி தொண்டை போச்சு.

இதுல பெரிய காமெடி அரிசி மூட்டை. 2022 ஜூலை 18லேந்து லேபிள் ஒட்டின பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் வரி, ஆனா 25 கிலோ வரைக்கும்தான். ஒடனே மில்லுக்காரங்க 26 கிலோ மூட்டை போட்டாங்க. ஆரணி அரிசி 26 கிலோவா வந்து நின்னப்ப "இன்னாபா ஒரு கிலோ எக்ஸ்ட்ரா, ஆஃபரா"ன்னு கேட்டவங்க நெறைய பேரு.

எம்ஆர்பிக்கு மேல விக்கலாமா? கூலிங் சார்ஜுன்னு ரெண்டு ரூபா வாங்கறாங்களே?

கூடாது. எம்ஆர்பின்றது எல்லா வரியும் சேத்துதான். யாராவது கூலிங் சார்ஜு கேட்டா பாட்டில வெச்சுட்டு வந்துடுங்க.

பில் போடற பொண்ணுங்க உக்காந்துகினே வேலை செய்யுதுங்க, நீங்க கேக்க மாட்டீங்களா?

நான்தான் ஸ்டூல் வாங்கி போட்டேன். இந்த கேள்விய மட்டும் நூறு தடவ கேட்டிருப்பாங்க, அதுவும் கேக்கறவங்க பாதி பேரு பேங்க்ல கவர்மெண்ட் ஆபீஸ்ல நாள் பூரா நாற்காலில இருக்கறவங்க.

2021 செப்டம்பர்ல நம்ம சட்டசபைலயே கடைங்கள்ல வேலை செய்யறவங்களுக்கு உக்கார எடம் தரணும்னு சட்டத்த திருத்தினாங்க, கேரளால அதுக்கு முன்னாடியே 2018ல. சட்டத்துக்காக நான் போடல, சும்மா பெருமைக்கு சொல்லக்கூடாது, இன்ஸ்பெக்ஷன் வருவாங்கன்ற பயமும் இருந்துச்சு. ஆனா போட்டப்புறம் ஒன்னு கவனிச்சேன். வேலூர் வெயில்ல ஊசூர் பக்கத்துலேந்தோ ஒடுகத்தூர்லேந்தோ நின்னுகினே டவுன் பஸ்ல வந்து, அப்பறம் எட்டு மணி நேரம் நின்னா, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பில்லுல தப்பு வரும். இட்லி அரிசியோட பில்லிங் கோடுக்கு பதிலா பாஸ்மதி கோடு, ஒரே ஷாம்பு ரெண்டு தடவ ஸ்கேன். ஸ்டூல் வந்தப்புறம் அந்த ஆறு மணி தப்புங்க பாதிக்கு மேல கொறைஞ்சுது. ஒரு ஸ்டூல் 900 ரூபா.

பஸ்ஸ சொன்னேன்ல, அதுவும் எங்க கடை கணக்குதான். 2021 மே மாசத்துலேந்து சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அதுக்கப்பறம்தான் அணைக்கட்டு பக்கத்துலேந்தெல்லாம் வேலைக்கு வர ஆரம்பிச்சாங்க. ஆனா ராத்திரி ஒன்பது மணிக்கு கடைய மூடினா அந்த பஸ்ஸு கெடைக்காது, ஷேர் ஆட்டோவுக்கு 40 ரூபா குடுத்தா அன்னிய கூலில பெருசா ஒரு ஓட்டை. அதனால ஊர்லேந்து வரவங்கள ஏழரைக்கே அனுப்பிடறோம், கடைசி ஒன்றரை மணி நேரம் டவுன்லயே இருக்கற பசங்க பாத்துக்குவாங்க. மொதல்ல பசங்க மொறைச்சாங்க, காலைல லேட்டா வரலாம்னு சொன்னப்பறம் சிரிச்சாங்க.

கேஷ் கொறைஞ்சா சம்பளத்துல புடிப்பீங்களா?

இப்ப புடிக்கறதில்ல. முன்னாடி வேலை செஞ்ச ஒரு கடைல நானே புடிச்சிருக்கேன், அத நெனச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்கும்.

ஒரு சனிக்கிழமை கூட்டம், 1,840 ரூபா பில்லு, கஸ்டமர் ஸ்கேன் பண்ணி போன காட்டினாரு, பச்ச டிக் மாதிரி ஏதோ தெரிஞ்சுது, சவுண்ட் பாக்ஸ் கத்தல, பின்னாடி பத்து பேரு நிக்கறாங்க, அந்தப் பொண்ணு சரி போங்க சார்னு அனுப்பிடுச்சு. ராத்திரி கணக்குல 1,840 இல்ல. மொதலாளி "புடிச்சுக்கோ"ன்னாரு, நானும் சம்பள நோட்டுல அந்தப் பொண்ணு பேருக்கு நேரா செவப்பு பேனால எழுதினேன். திங்கக்கிழமை அந்த கஸ்டமரே வந்தாரு, சிஎம்சி ஆஸ்பத்திரில அம்மாவ காட்ட வந்த கொல்கத்தாகாரரு, பணம் அக்கவுண்ட்டுக்கே திரும்பி வந்துடுச்சுன்னு நோட்ட எண்ணி குடுத்தாரு. நான் சந்தோஷமா போய் செவப்ப அடிச்சுட்டு சொல்லலாம்னு பாத்தா, அந்தப் பொண்ணு அன்னிக்கு வேலைக்கு வரல. அதுக்கப்பறம் வரவே இல்ல. மீதி சம்பளத்த வாங்க அவங்க அண்ணன்தான் வந்தாரு, என் மூஞ்ச பாக்கல.

இப்ப எங்க கடைல ரூல் இன்னான்னா, பாக்ஸ் கத்தலன்னா கஸ்டமர ஓரமா ஸ்டூல்ல உக்கார சொல்லணும், கூட்டம் கத்தினா என்ன கூப்புடணும். திட்டு வாங்கறது என் வேலை. மாசா மாசம் கேஷ் ஷார்ட்டேஜ்னு ஒரு தொகைய செலவுலயே எழுதிடறோம், கரண்ட் பில்லு மாதிரி.

சம்பளத்த ஏத்தினா வெலையும் ஏறத்தானே செய்யும்?

இதுதான் ஓனருங்க எல்லாரும் சொல்றது, கணக்கு போட்டு பாத்தவங்க கம்மி. மாசம் 60 லட்சம் வியாபாரம், 30 பேரு வேலைன்னு ஒரு கடைய வெச்சுக்குங்க. ஆளுக்கு 2,000 ஏத்தினா 60,000. அதுமேல ஈஎஸ்ஐக்கு மொதலாளி பங்கு 3.25 சதவீதம், பிஎஃப் 12 சதவீதம், எல்லாம் சேத்து 69,000 சொச்சம். நூறு ரூபா வியாபாரத்துல 1 ரூபா 15 பைசா. கேக்க சின்னதா இருக்குல்ல, ஆனா மளிகைல எல்லாம் போக நூறுக்கு ரெண்டு மூணு ரூபா நின்னாலே பெருசு, அதனால ஓனர் பயப்படறதும் பொய்யில்ல.

அப்ப அந்த 1.15 எங்கேந்து வரணும்? வெலைலேந்துதான்னு இல்ல. எங்க கடைல எக்ஸ்பைரி ஆகி குப்பைக்கு போற பிரெட்டு, பால் பாக்கெட்டு, பூச்சி விழுந்த ரவை, எலி கடிச்ச மூட்டை, தப்பு கோடு போட்டு போன சரக்கு, இதெல்லாம் ஒரு மாசம் ஒக்காந்து நோட்டுல எழுதினேன். ஏத்தப் போற சம்பளத்த விட ஜாஸ்தி வந்துச்சு. இதுல பாதிய யாரு தடுக்க முடியும்? ரேக்குல தெனமும் கைய வெக்கறவங்கதான். எந்த பிரெட்டு நாளைக்கு தீரும், எந்த அக்கா சனிக்கிழமைதான் ராகி மாவு வாங்குவாங்கன்றது ரெண்டு வருஷம் இருந்த ஆளுக்கு தெரியும், நாலு மாசத்துக்கு ஒரு தடவ மாறற ஆளுக்கு எப்படி தெரியும். சம்பளம் ஏத்தின வருஷம் எங்க கடைல ஆறு பேரு போக வேண்டியது, ரெண்டு பேருதான் போனாங்க. வெலை போர்ட நாங்க தொடல.

இந்த விஷயத்துல அமெரிக்காவுல ஜான் மேக்கின்னு ஒருத்தர பத்தி பேசுவாங்க, 1980ல டெக்சாஸ் ஆஸ்டின்ல ஹோல் ஃபுட்ஸ்னு கடைய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரு. மேல இருக்கறவனுக்கு கெடைக்கற சம்பளம் சராசரி சம்பளத்துல 19 மடங்குக்கு மேல போகக்கூடாதுன்னு உச்சவரம்பு வெச்சாரு, 2007லேந்து தனக்கு வருஷத்துக்கு ஒரு டாலர் போதும்னாரு, கம்பெனில யாருக்கு எவ்ளோ சம்பளம்னு வேலை செய்யற யாரு வேணா பாத்துக்கலாம். கேக்கவே நல்லா இருக்கு. ஆனா அதே ஆளுக்கு யூனியன்னா ஆகாது, வெலையும் ஏகத்துக்கும் ஜாஸ்தி, அந்த கடைக்கு "மொத்த சம்பளமும் போச்சு"ன்ற அர்த்தத்துல ஜனங்க பட்டப்பேரே வெச்சாங்க. 2017ல அமேசானுக்கு 1,370 கோடி டாலருக்கு வித்துட்டாங்க. நல்லா நடத்தறதுக்கும் வெலை ஜாஸ்தியா இருக்கறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவர காட்டி சிலபேரு பேசறாங்க, எனக்கு அப்படி தோணல, அவரு வித்தது ஆர்கானிக் சரக்கு, சம்பளத்தால மட்டும் ஏறின வெலை இல்ல அது. சம்பளத்த தொறந்து காட்றத மட்டும் நானும் இங்க செய்ய பாத்தேன், மூணு நாள் சண்டை, நிறுத்திட்டேன். மறுபடி செய்யணும்.

எடை கரெக்டா இருக்குமா? கவர் எடையும் சேத்து போடறீங்களே?

கவர் எடை, தட்டு எடைய கழிக்காம போட்டா அது திருட்டு, அஞ்சு கிராம்னாலும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடணும், தராசு மேலயே இருக்கும், பாத்துட்டு வாங்குங்க, நாங்க கோச்சுக்க மாட்டோம்.

இப்ப சொன்னேனே ஹோல் ஃபுட்ஸு, அங்கயும் இது நடந்துச்சு. 2015ல நியூயார்க் நகர நிர்வாகம் அவங்க கடைல முன்னாடியே கட்டி வெச்ச பாக்கெட்டுங்கள எடை போட்டு பாத்தா லேபிள்ல இருக்கற எடை இல்ல. மேக்கியும் இன்னொரு தலைவரும் வீடியோல வந்து தப்புதான்னு ஒத்துக்கிட்டாங்க, வருஷ கடைசில 5 லட்சம் டாலர் கட்டினாங்க. அவங்க சொன்ன காரணம் ஆளுங்களுக்கு டிரெய்னிங் பத்தலன்னு. அது பாதி நெஜம்தான். எங்ககிட்ட காலைல கோடவுன்ல பருப்பு கட்றவங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு இத்தன பாக்கெட்டுன்னு முன்னாடி டார்கெட் இருந்துச்சு, 480 கிராம் 490 கிராம் பாக்கெட்டெல்லாம் அப்பதான் வந்துச்சு. டார்கெட்ட எடுத்தேன், எடை சரியாச்சு. ஆளுங்கள அவசரப்படுத்தினது நான், கொறைஞ்சது உங்க பருப்பு.

ஆஸ்பத்திரிக்கு வர பெங்காலிங்களுக்கு தனி வெலையாமே?

சில எடத்துல நடக்குது, இல்லன்னு சொல்ல மாட்டேன். அவங்க வேற வழி இல்லாம வந்திருக்காங்க, மாசக்கணக்கா லாட்ஜ்ல சமைச்சு சாப்புட்றாங்க, பேரம் பேச மொழியும் தெரியாது. எங்க கடைல கடுகு எண்ணெய், கசகசா, அவங்க சாப்புட்ற பொரி எல்லாம் வெச்சிருக்கோம், போர்டு தமிழ்ல பெங்காலில ரெண்டுலயும் ஒரே வெலை. பில்லிங்ல இருக்கற ரெண்டு பொண்ணுங்க "கொத்தோ டாக்கா" (எவ்ளோ ரூபா)ன்னு பேசக் கத்துக்கினு இப்ப என்னவிட நல்லா பெங்காலி பேசுதுங்க, அதுக்குன்னு மாசம் 500 சேத்து தரேன். கசகசா மட்டும் ஜாஸ்தி வெலைதான், அது உங்களுக்கும் அதே வெலை.

ஆளுங்க திருட மாட்டாங்களா? வீட்டுக்கு போகும்போது பேக்கு செக் பண்ணுவீங்களா?

செக் பண்ணிகினு இருந்தோம், நிறுத்திட்டோம். டிபன் பாக்ஸ தொறந்து காட்ட சொல்றது கேவலமா இருந்துச்சு. திருட்டு ரெண்டு தடவ புடிபட்டுச்சு, ரெண்டும் பேக்குல இல்ல, டெம்போவுல எறக்கும்போதே மூட்டைக் கணக்குல.

ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. நீங்க ஏன் அந்த வெலைக்கு தர முடியாது?

மீதி காச கவர்மெண்ட் போடுது. ரேஷன்ல வாங்குங்க, வெக்கப்படாதீங்க, நானும் வாங்கறேன்.

வேலைக்கு ஆள் எடுக்கறீங்களா?

இப்ப கோடவுனுக்கு ரெண்டு பேரு, காய்கறி பக்கம் ஒருத்தரு வேணும். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயயும் சாதா கத்தரிக்காயயும் பாத்த ஒடனே பிரிச்சு சொல்லத் தெரிஞ்சவங்க வந்தா காய்கறி பக்கம் ஒடனே சேத்துக்கறேன், போன வாரம் ரெண்டையும் ஒரே கோடுல பில்லு போட்டு அனுப்பியிருக்காங்க. எட்டு மணி நேரம், வாரம் ஒரு நாள் லீவு, ஞாயித்துக்கிழமை கேக்காதீங்க அன்னிக்குதான் கூட்டம். வரும்போது ஆதார் காப்பியும் பேங்க் பாஸ்புக்கும் எடுத்துகினு வாங்க, மதியம் ரெண்டுலேந்து நாலு வரைக்கும் நான் கோடவுன்ல இருப்பேன்.